செலவில்லாமல் சிறுதொழிலுக்கு விளம்பரம்

இறுதியாண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



"பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு?" என்று நம் பக்கம் சொல்வார்கள். சரக்கு நன்றாக இருந்தால் வாசம் பிடித்துக்கொண்டு ஆள் தானாக வரும் என்பது அதன் பொருள். என் அப்பாவும் அதை நம்பித்தான் பத்தொன்பது வருஷம் மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்தினார். மெயின் ரோட்டின் மேலேயே கடை. வோல்டேஜ் குறைந்தோ, ஒரு பேஸ் போயோ கிணற்று மோட்டார் காயில் கருகிவிட்டால், டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருகிற விவசாயிக்கு முதலில் கண்ணில் படுவது எங்கள் போர்டுதான். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். கடை போய்விட்டது. பின்னால் இரண்டு சந்து தள்ளி ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். பூ அதே பூதான். வாசம்தான் மெயின் ரோடு வரைக்கும் வந்து சேரவில்லை.

அப்போது நான் முதலாமாண்டு. வாரத்துக்கு இரண்டு மோட்டார் வந்தால் பெரிய காரியம். "மில்லுல வாட்ச்மேன் வேலை இருக்குதாம், போயிரலாம்னு பார்க்கறேன்" என்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. அப்பா படித்தது எட்டாவது, அம்மா ஐந்தாவது. எங்கள் சொந்தத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம் என்று அன்று ராத்திரி எனக்கே தோன்றியது. நோட்டீஸ் அடிக்கவோ ஃபிளெக்ஸ் கட்டவோ கையில் காசு இல்லை. காசு இல்லாமல் என்ன செய்யலாம் என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் செய்து பார்த்ததையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே பாடமாக எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் ஒரு கடையோ கைத்தொழிலோ இருக்கிறது. அவர்களுக்கு இது உதவினால் மகிழ்ச்சி.

1. இலவசம் என்பதன் பொருள்

கூகுள், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் முதலிய நிறுவனங்கள் தருமம் செய்யவில்லை. கம்பெனிகள் கொடுக்கும் காசில்தான் அவை பிழைக்கின்றன. ஆனால் ஊரில் உள்ள டீக்கடை, பஞ்சர் கடை, தையல் கடை எதுவும் இல்லாத வரைபடத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? நம் கடையின் விவரம் அவர்களுக்கும் தேவை. அதனால்தான் இடத்தைச் சும்மா தருகிறார்கள். காசாக வாங்காவிட்டாலும், நம் நேரத்தையும் நம்மைப் பற்றிய தகவலையும் வாங்கிக்கொள்கிறார்கள். இது ரசீது இல்லாத செலவு. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து, எல்லா இடத்திலும் எல்லாக் கடையும் இருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர்கள் இரண்டு வகை. ஒருவர் அவசரத்தில் தேடுகிறவர். மோட்டார் எரிந்துவிட்டது, பல் வலிக்கிறது, வண்டி நின்றுவிட்டது என்று தேடுவார். அவருக்கு வேண்டியது பக்கத்தில் இருக்கும் கடையின் இடமும் போன் நம்பரும். இன்னொருவர் பார்த்து ஆசைப்படுகிறவர். ஆரி வேலை செய்த ரவிக்கை, பிறந்தநாள் கேக், மண்பானை ஆகியவற்றைப் படத்தில் பார்த்த பிறகுதான் அவருக்கு வாங்கும் எண்ணமே வரும். முதல் வகைக்கு வரைபடம், இரண்டாம் வகைக்குப் படமும் வீடியோவும். உங்கள் வீட்டுத் தொழில் எந்த வகை என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் அதைத் தீர்மானிக்காமல் ஆரம்பத்தில் இன்ஸ்டாகிராமில் ஒரு மாதத்தை வீணாக்கினேன். எரிந்துபோன காயிலைப் பார்த்து யாருக்கு ஆசை வரும்?

2. வரைபடத்தில் இடம் பிடித்தல்

கடைக்காரர்கள் தம் விவரத்தைத் தாமே பதிந்துகொள்ள கூகுள் தரும் வசதிக்கு இன்றைய பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2014-இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் வந்தது. 2021-இல் பெயர் மாறியது. பதிவதற்கு ஒரு ஜிமெயில் கணக்கு போதும். கட்டணம் கிடையாது. வழிமுறை வருமாறு:

அ) பெயர். போர்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். "நம்பர் ஒன் மலிவு விலை ரீவைண்டிங்" என்று பெயரோடு சேர்த்து எழுதுவது விதிக்குப் புறம்பு. கணக்கை முடக்கிவிடவும் கூடும்.

ஆ) வகை. தொழிலின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். நான் முதலில் "எலக்ட்ரிக்கல் கடை" என்று போட்டுவிட்டேன். பல்பும் சுவிட்சும் கேட்டுத்தான் போன் வந்தது. மோட்டார் பழுதுபார்க்கும் கடை என்று மாற்றிய பிறகுதான் வேண்டிய ஆட்கள் கூப்பிட்டார்கள்.

இ) இடம். வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தில் ஒரு குறியை நகர்த்தி வைக்க வேண்டும். ஆள் நேரில் போய்ச் செய்கிற வேலையாக இருந்தால், அதாவது பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்றவர்கள், வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, போய் வரும் ஊர்களை மட்டும் காட்டலாம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

ஈ) நேரமும் போனும். கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், வார விடுமுறை ஆகியவற்றைப் பதிய வேண்டும். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் நாட்களுக்குத் தனியாக நேரம் குறிக்கவும் இடம் உண்டு.

உ) சரிபார்ப்பு. கடை உண்மையில் நம்முடையதுதானா என்று கூகுள் சோதிக்கும். போன், மின்னஞ்சல், வீடியோ என்று வழிகள் உண்டு. எந்த வழி என்பதை அவர்களே சொல்வார்கள். எங்களுக்கு வீடியோ வந்தது. தெரு, போர்டு, உள்ளே இருக்கும் கருவிகள், கடை நம் பொறுப்பில்தான் இருக்கிறது என்பதற்கு அடையாளம் ஆகியவற்றை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். அப்பா ஷட்டர் பூட்டைச் சாவி போட்டுத் திறப்பதை எடுத்தேன். முகம் தெரிய வேண்டியதில்லை என்று சொல்லியும் அப்பா சலவைச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு வந்தார். சில நாட்களில் எங்கள் கடை வரைபடத்தில் ஏறிவிட்டது.

இங்கே நான் செய்த ஒரு பெரிய தப்பைச் சொல்லியாக வேண்டும். கடை ஏறிய ஒன்பதாம் நாள். நான் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது போன். பதிவில் அப்பா நம்பரோடு என் நம்பரையும் கொடுத்திருந்தேன். "ஏனுங்க அம்மிணி, கடை எங்கீங்க? போன் காட்டுன வழியிலதான் வந்தனுங்க. இங்க ஒரு கோழிப் பண்ணைதான் இருக்குது!" ஏழரை ஹெச்.பி. மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு பதினெட்டு கிலோமீட்டர் வந்த மனிதர். குறியை நகர்த்தி வைக்கும்போது நான் கவனிக்காமல் விட்டதில், அது ஊருக்கு வெளியே போய் விழுந்திருக்கிறது. அப்பா எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு போய் அவரை அழைத்து வந்தார். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்பா அன்று என்னிடம் சொன்னது மனதில் நிற்கிறது: "காயில்ல ஒரு சுத்து குறைஞ்சாலும் மோட்டார் காட்டிக் குடுத்துரும் கண்ணு. இதுவும் அப்படித்தானாட்டம் இருக்குது."

ஆகவே பதிந்து முடித்ததும் வேறொருவர் போனில் கடையைத் தேடி, அது காட்டுகிற வழியில் ஒரு முறை நீங்களே நடந்து பாருங்கள்.

பட்டியலில் முன்னால் வருவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். கூகுளே சொல்லும் காரணங்கள் மூன்று. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம், கடைக்கு உள்ள அறிமுகம். காசு கொடுத்து இந்த வரிசையில் முன்னால் வர முடியாது என்பதையும் அவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். காசு கொடுத்து வருவது விளம்பரம். அதற்குத் தனி அடையாளம் இருக்கும். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கிறது. கடையைப் பற்றிய குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் பலர் டைப் அடிப்பதில்லை, போனிடம் தமிழில் பேசித்தான் தேடுகிறார்கள்.

இதுபோலவே ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் ஆகிய இரண்டிலும் கடையின் அடிப்படை விவரத்தை இலவசமாகப் பதியலாம். இரண்டும் தொண்ணூறுகளிலிருந்து இருப்பவை. உற்பத்தி செய்து மொத்தமாக விற்பவர்களுக்கு இந்தியாமார்ட் பொருந்தும். பதிந்தபின் கட்டணத் திட்டத்தில் சேரச் சொல்லி அழைப்பு வரலாம். சேருவதும் சேராததும் நம் இஷ்டம்.

3. வாட்ஸ்அப் பிசினஸ்

இது 2018 ஜனவரியில் வெளிவந்த தனிச் செயலி. சாதாரண வாட்ஸ்அப் ஒரு நம்பரிலும் இது இன்னொரு நம்பரிலுமாக ஒரே போனில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பேச்சும் கடைப் பேச்சும் கலக்காது. இதிலுள்ள முக்கிய வசதிகள்:

பொருள் பட்டியல்: படம், விலை, குறிப்பு ஆகியவற்றுடன் 500 பொருட்கள் வரை அடுக்கி வைக்கலாம். விலை கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் பத்துப் படம் தேடி அனுப்பும் வேலை மிச்சம். எங்கள் கடையில் ஹெச்.பி. வாரியாக ரீவைண்டிங் கூலியைப் போட்டிருக்கிறோம். விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று அப்பா தயங்கினார். ஆனால் கூலி தெரிந்ததால் தைரியமாக வந்தவர்கள்தான் அதிகம்.

தானாகப் போகும் பதில்: கடை மூடியிருக்கும்போது செய்தி வந்தால், "காலை 9 மணிக்குக் கூப்பிடுகிறோம்" என்று தானே பதில் போகும். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு 50 பதில்கள் வரை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு சிறு குறியைத் தட்டி அனுப்பலாம்.

ஒரே நேரத்தில் பலருக்குச் செய்தி: ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே மோட்டாரை ஏற்றி அனுப்பும்போதே "நம்பரைப் பதிஞ்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பித் தொல்லை கொடுத்தால் தடை செய்துவிடுவார்கள். நாங்கள் கோடை தொடங்கும் முன் ஒரு செய்தி, மழைக்கு முன் ஒரு செய்தி, அவ்வளவுதான். "மழைக்கு முன் ஸ்டார்ட்டர் பெட்டியில் எறும்பு இருக்கிறதா பாருங்கள்" என்று அனுப்பியதற்கு வந்த நன்றி, எந்தத் தள்ளுபடி அறிவிப்புக்கும் வரவில்லை.

4. படமும் வீடியோவும்

பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிற பொருளுக்கு இன்ஸ்டாகிராம் ஏற்றது. சாதாரணக் கணக்கைத் தொழில் கணக்காக இலவசமாக மாற்றிக்கொண்டால், எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்ற விவரம் தெரியும். என் தோழி ஒருத்தியின் அம்மா ரவிக்கை தைக்கிறார். கழுத்து வேலைப்பாட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தோழி படம் எடுப்பாள். கூலியையும், எத்தனை நாளில் முடியும் என்பதையும் படத்தின் கீழேயே எழுதுவாள். "விலைக்குத் தனியே கேட்கவும்" என்று எழுதினால் பாதி ஆள் கேட்காமலே போய்விடுவார்கள் என்பது அவள் அனுபவம்.

எங்களைப் போன்ற தொழிலுக்கு யூடியூப் பொருந்தும். அங்கே ஆட்கள் சந்தேகத்தைத் தேடி வருகிறார்கள். ஒரு நல்ல விளக்க வீடியோ வருஷக்கணக்கில் தேடலில் வந்துகொண்டே இருக்கும். "ஒரு பேஸ் போனால் மோட்டார் ஏன் எரிகிறது?" என்று அப்பா பேச, நான் மூன்று நிமிஷ வீடியோ எடுத்தேன். மூன்று பேஸில் ஒன்று அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மீதிச் சுற்றுகளில் அளவுக்கு மீறிய கரண்ட் பாய்ந்து, சூடேறி, இன்சுலேஷன் கருகிவிடும். நாம் வகுப்பில் படிக்கிற பாடம்தான். அப்பா அதைக் கருகிய காயிலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னபோது எனக்கே இன்னும் நன்றாக விளங்கியது. "உங்க கடை ரகசியத்தை ஏன் வெளிய சொல்றீங்க?" என்று ஒருவர் கேட்டார். காரணம் தெரிந்துகொண்ட விவசாயி ரீவைண்டிங்கைத் தானே செய்துகொள்ளப் போவதில்லை. உண்மையைச் சொல்லும் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்.

படத்துக்குச் சில குறிப்புகள்: போன் லென்ஸை வேட்டித் துணியால் துடையுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பழுதான நிலை, சரிசெய்த நிலை இரண்டையும் எடுங்கள். வாடிக்கையாளர் முகம் விழுந்தால் அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். அடுத்தவர் படத்தைத் திருடிப் போடாதீர்கள். பொருள் கைக்கு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

5. நாலு பேர் சொல்லும் சொல்

வரைபடத்தில் கடைக்கு நட்சத்திரமும் கருத்தும் இடும் வசதி உண்டு. இதுதான் இன்றைய வாய்மொழி. வேலை முடிந்து திருப்தியாகப் போகிறவரிடம் "ரெண்டு வார்த்தை எழுதிப் போடுங்க" என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் எழுதினால் தள்ளுபடி தருகிறேன் என்பதும், சொந்தக்காரரை விட்டுப் புகழ்ந்து எழுதவைப்பதும் கூகுள் விதிப்படி கூடாது. அது நேர்மையும் அல்ல.

எங்கள் கடைக்கு வந்த மூன்றாவது கருத்தே ஒற்றை நட்சத்திரம். "சொன்ன தேதிக்குத் தரவில்லை, கடலைக்குத் தண்ணி விட முடியவில்லை." அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அழித்துவிடச் சொன்னார். நம்மால் அழிக்க முடியாது, பதில் மட்டும்தான் எழுத முடியும். "கரண்ட் இல்லாததுனால லேட்டு, அதை எழுது" என்றார். நான் எழுதப் போனேன். அப்பாவே தடுத்தார். "வேண்டாம். கரண்ட் போனது நிஜம். போன் பண்ணிச் சொல்லாதது நம்ம தப்பு" என்றார். அப்படியே எழுதினோம்: "தாமதத்துக்கு மன்னிக்கவும். போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் சொல்வோம்." அதற்கப்புறம் வந்த இரண்டு பேர், அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார்கள். அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இருக்கட்டும்.

6. ஏமாறாமல் இருக்க

நம்பரை ஊரறியப் போட்டால் நல்லவர்கள் மட்டும் கூப்பிட மாட்டார்கள். இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு நாள் அப்பாவுக்கு ஒரு போன். ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொன்னார் ஒருவர். நான்கு மோட்டார் ரீவைண்டிங் வேலை, முன்பணம் உடனே அனுப்புகிறோம் என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு கியூ.ஆர். படம் வந்தது. அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்து சேரும் என்றார். அப்பா போட்டார். வரவில்லை, கணக்கில் இருந்த 4,800 ரூபாய் போனது. தாமிரக் கம்பி வாங்க வைத்திருந்த பணம். அப்பா என்னிடம் ராத்திரி வரை சொல்லவே இல்லை. நம்பரைப் போட்டவள் நான்தானே! பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், வாங்குவதற்கு எந்த எண்ணும் போட வேண்டியதில்லை என்ற ஒரே ஒரு வரியை நான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். சொல்லவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு நாங்கள் கூப்பிட்டது மறுநாள் காலை. பணம் போன உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க அது கை மாறிப் போய்விடுகிறது. எங்கள் பணம் திரும்பவில்லை.

ஆகவே, கடையை இணையத்தில் ஏற்றும் முன் வீட்டிலுள்ளவர்களுக்கு இந்த நான்கையும் சொல்லிக் கொடுங்கள்:

1. பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை.

2. போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது.

3. "கூகுளிலிருந்து பேசுகிறோம், காசு கட்டாவிட்டால் உங்கள் கடையை எடுத்துவிடுவோம்" என்றால் நம்பக்கூடாது. பதிவு இலவசம்.

4. பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

7. இரவல் திண்ணை

இலவச இடம் என்பது அடுத்தவர் திண்ணை. உட்காரலாம், வியாபாரம் செய்யலாம். ஆனால் வீட்டுக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிட வேண்டும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கை நம்பி ஆள் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகள் ஒரே ராத்திரியில் எல்லாரையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் படுத்துவிட்டன. கடைகளுக்குக் கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் அது நிறுத்திவிட்டது. யாரிடமும் சண்டைக்குப் போக முடியாது. காசு கொடுக்காத இடத்தில் கேள்வி கேட்க உரிமை குறைவு.

இதற்கு மருந்து அப்பாவிடம் ஏற்கெனவே இருந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு. பெயர், ஊர், போன், மோட்டார் ஹெச்.பி., கம்பி கேஜ், சுற்று எண்ணிக்கை, தேதி. பத்தொன்பது வருஷக் கணக்கு. இதை நான் முதலில் பழைய குப்பை என்று நினைத்தேன். பிறகு இரண்டு லீவு நாள் உட்கார்ந்து, அதிலிருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, "கடை இடம் மாறியிருக்கிறது" என்று வழியோடு செய்தி அனுப்பினேன். பாதி நம்பர் வேலை செய்யவில்லை. மீதியில் வந்த பதில்கள்தான் எங்கள் கடையைத் தூக்கி நிறுத்தின. "மூடிட்டீங்கன்னல்ல நெனச்சேன்!" என்று எழுதியவர்களே அதிகம். புது ஆளைத் தேடும் முன் பழைய ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும், வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் நம் சொந்த நோட்டில் இருக்க வேண்டும்.

8. கணக்கு வைத்தல்

செலவில்லாத விளம்பரத்துக்கும் கணக்கு உண்டு. கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு, நோட்டில் ஒரு எழுத்துக் குறிக்கிறோம். "வ" என்றால் வரைபடம், "வா" என்றால் வாட்ஸ்அப், "யூ" என்றால் யூடியூப், "ஆ" என்றால் ஆள் சொல்லி வந்தது. மாதக் கடைசியில் எண்ணினால் எதற்கு நேரம் செலவிடலாம், எதை விடலாம் என்பது தெரிந்துவிடும். வரைபடத்தில் எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன சொல்லைப் போட்டுத் தேடினார்கள் என்ற விவரத்தையும் கூகுளே காட்டுகிறது. எங்கள் நோட்டில் இன்றும் "ஆ" தான் முதலிடம். "வ" இரண்டாம் இடம். இதற்காக ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் இல்லை என்று அப்பா சட்டம் போட்டிருக்கிறார். எனக்கும் பரீட்சை இருக்கிறது அல்லவா!

முடிவுரை

கடை இன்று எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரிய பணக்காரர் ஆகிவிடவில்லை. மெயின் ரோட்டில் இருந்தபோது வந்த வேலை முழுவதும் திரும்பவில்லை. ஆனால் வாட்ச்மேன் வேலைப் பேச்சு நின்றுவிட்டது. இந்த வருஷக் கட்டணத்தை அப்பா கடைக் காசில் கட்டினார்.

இணையம் ஆளைக் கடை வாசல் வரைக்கும்தான் கொண்டுவரும். மறுபடி வரவைப்பது கை வேலை. இதில் நம் பங்கு, வாசலைக் காட்டுவது. படிவத்தை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வதும், குறியைச் சரியான இடத்தில் வைப்பதும், ஏமாற்று அழைப்பை அடையாளம் காண்பதும் நமக்குச் சின்ன விஷயம். நம் அப்பா அம்மாக்களுக்கு அது மலை. வீட்டின் முதல் படிப்பாளிக்கு இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு உண்டா?

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வரும் ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறு கடையை வரைபடத்தில் ஏற்றுவோம். நம் கல்லூரி வாசலில் இருக்கும் இளநீர்க் கடையிலிருந்தே தொடங்கலாம். கட்டணம் வாங்க வேண்டாம். ஏற்றி முடித்ததும், காட்டுகிற வழியில் ஒரு முறை நடந்து பார்க்க மட்டும் மறக்காதீர்கள். கோழிப் பண்ணைக்குப் போய்விடப் போகிறது!